சத்தம் போடாத பிரேக்

பதினைந்து வருஷமாக மலைச் சைக்கிள் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு இப்படியொரு புகார் புதிது.

"என் தம்பி வண்டி பிரேக்ல சத்தமே வரல!" என்றாள் அக்கா, வந்ததும் வராததுமாக. கையில் கட்டுப் போட்டிருந்த தம்பியின் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

"வரக்கூடாதுன்னுதானேம்மா பழைய பிரேக் பேடை எடுத்துட்டுப் புதுசு போட்டேன்? உங்க வண்டிக்கும் அதேதான்."

"என்னுது சத்தமில்லாம இருக்கறதுதான் நல்லது. இவனுதுதான் கத்தணும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ரெண்டும் ஒரே ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். லீவரை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். இரண்டும் ஒற்றை விரலுக்கே கப்பென்று பிடித்தன.

"நல்லாத்தானே பிடிக்குது?"

"அதான் வம்பே! இறக்கத்துல இவன் முன்னால போவான், நான் பின்னால போவேன். நேத்து வளைவுல சத்தமே இல்லாம நின்னுட்டான். நான் போய் மோதிட்டேன்."

"முன்னால போறவர் நிக்கறது கண்ணுக்குத் தெரியாதா?" மெக்கானிக் எரிந்து விழுந்தார்.

"தெரியாது," என்ற அக்கா, பையிலிருந்து மடக்கிய வெள்ளைக் கோலை எடுத்து விரித்தாள். "அந்தக் கிறீச் சத்தம்தான் எனக்குக் கண்ணு."

மெக்கானிக் குனிந்து, தூக்கிப் போட்ட பழைய பேடைக் குப்பைக்கூடைக்குள் தேடத் தொடங்கினார்.