தழும்போடு ஒருவர்

ஸ்கேன் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். டாக்டர் திரைக்கு முன்னால், கணவர் கட்டிலில் ஒருக்களித்து, மனைவி கதவோர ஸ்டூலில்.

“மாரடைப்புல செத்த தசை திரும்ப வளராதும்மா. மூணு மாசம் முன்னாடி இவர் இதயத்துல பெரிய தழும்பு பார்த்தேன். இன்னிக்கு அந்த இடம் சுத்தமா இருக்கு.”

“எனக்கு இதயமே இல்லேன்னு சொல்றவ சார் இவ!” என்று கணவர் சிரித்தார்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. உயிர்ப்பயம் என்றே நினைத்திருந்தாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு எழுதினாள்: “ஐயா, தழும்போடு ஒருவர் இன்னும் உங்கள் வார்டில் இருந்தால் அவர்தான் என் கணவர். எப்படியாவது அனுப்பி வையுங்கள்.”

உறையை ஒட்டும்போது, வீடு திரும்பியவர் பின்னாலிருந்து கேட்டார்: “அவர் வந்துட்டா நான் எங்க போறது?”

திரும்பிப் பார்க்காமல் தெருமுனைவரை நடந்து, கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டாள்.