மூன்றுக்கு இரண்டு

சுஜீந்திரன் சட்டையில் இன்னொரு தடவை சென்ட் அடித்துக்கொண்டான். பிறகு ஆரபிக்கு வாட்ஸ்அப்பில், ‘காய்ச்சல். சாயங்காலம் வர முடியாது. ஸாரி’ என்று ஒரு பொய்யை அனுப்பினான்.

கட்டிலில் படுத்தபடி மனைவி சயந்தினி இதையெல்லாம் வேடிக்கை பார்த்தாள்.

“நாலு வருஷமா வாரா வாரம் அவங்ககிட்ட போயிட்டு, இப்ப இன்னொருத்தியைத் தேடிப் போறீங்க. வெட்கமா இல்ல?”

“என்ன பண்றது? அவங்ககிட்ட எனக்கு இனிமே புதுசா ஒண்ணும் கிடைக்காது.”

“போங்க, போங்க. மாட்டிக்காம வந்து சேருங்க லா.”

ஆரபி, சிங்கப்பூர் ஈசூனில் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் பியானோ டீச்சர். ஐம்பது வயது. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் மெட்ரோனோம் என்ற தாளக் கருவிகூடத் தாளம் தப்பும்.

மூன்றாம் கிரேடு வரை சுஜீந்திரன் குதிரையாக ஓடி வந்தான். அதற்குமேல் கழுதையாகிவிட்டான். வலது கை மூன்று தட்டும் நேரத்துக்குள் இடது கை இரண்டு தட்ட வேண்டும் என்று ஓர் இடம். அங்கே வந்ததும் இரண்டு கைகளும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு போய்விடும்.

யூடியூபில் ஒரு தாடிக்காரர் பத்தே நிமிடத்தில் கற்றுத் தருகிறேன் என்றார். ஒரு மாதமாக அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தான். நூலகத்தில் எடுத்த புத்தகங்களோ ஒன்று குழந்தைகளுக்காக வாத்துப் படம் போட்டவை, இல்லையென்றால் பக்கம் முழுக்க ஸ்வரக் குறிகள் எறும்பாய் மொய்த்தவை. நடுவில் சிக்கியவனுக்கென்று ஒரு புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை. கைப்பேசிச் செயலி ஒன்று, அவன் எவ்வளவு கேவலமாக வாசித்தாலும் ‘சூப்பர்!’ என்று நட்சத்திரம் கொட்டியது.

டீச்சரிடம் கேட்டால், “முதல்ல இருக்கிறதை ஒழுங்கா வாசிங்க” என்று முறைப்பார். எந்தப் புதுப் பாடத்தைக் கேட்டாலும் இதே பதில்தான். கொஞ்ச காலம் போக்குக் காட்டிவிட்டு, திடீரென்று ஒருநாள் அதையே பிரமாதமாகச் சொல்லித் தருவார். பெடல் விஷயத்திலும் அப்படித்தான். கண்டிப்பான டீச்சர் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவனும் பொறுத்துக்கொண்டான்.

இந்தத் தடவை பொறுக்க முடியவில்லை. மாணவர் நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. வருடா வருடம் அதே ஒரு வால்ஸ் மெட்டைத்தான் அங்கே வாசித்துக்கொண்டிருக்கிறான். போன தடவை அவனுக்கு அடுத்து மேடையேறிய எட்டு வயதுக்காரி, போகிற போக்கில் அவன் முழங்கையைத் தட்டி, “இட்ஸ் ஓகே அங்கிள், யூ டிரைட்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

தேக்காவில் ஒரு பூக்கடைக்கு மேலே இருந்தது ஃபர்சானா என்ற இளம்பெண்ணின் ஸ்டூடியோ. “ஸ்டக் ஆனவங்கதான் அங்கிள் என் ஸ்பெஷாலிட்டி. வந்து ஒரு ட்ரையல் கிளாஸ் பாருங்க” என்று போனில் சொல்லியிருந்தாள்.

குறுகலான மாடிப்படி ஏறி, மூடியிருந்த கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளே யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதே இடம்! மூன்றுக்கு இரண்டு! தடுமாறி, நின்று, முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடியும் அதே பள்ளத்தில் போய் விழுந்தார்கள்.

சுஜீந்திரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன்னைவிட மோசமான ஒரு ஜீவனும் சிங்கப்பூரில் இருக்கிறது.

கதவு திறந்தது. புத்தகங்களை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தார் ஆரபி டீச்சர்.

அவன் துள்ளி எழுந்தான். டீச்சரின் கண்கள் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தன.

“காய்ச்சல் எப்படி இருக்கு, சுஜீந்திரன்?”

“இப்ப... இப்பதான் வந்துச்சு, டீச்சர்.”

டீச்சர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவன் அவசரமாக ஆரம்பித்தான்.

“நீங்க இங்கயும் கிளாஸ் எடுக்கிறீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தப்புதான் டீச்சர். அந்த மூணுக்கு ரெண்டு வரவே மாட்டேங்குது. அந்த ஒண்ணுக்காகத்தான் வந்தேன். உங்களை விட்டுட்டுப் போகணும்னு நினைக்கல.”

டீச்சரின் காது மடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. கோபம் தலைக்கேறிவிட்டது என்று பயந்து, அவன் பேச்சை மாற்றினான்.

“உள்ள வாசிச்ச பையன் எங்க டீச்சர்? பாவம், என்னைவிட மோசம். அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, உங்க பொறுமைக்குக் கோயில் கட்டணும்.”

ஆரபி டீச்சர் மாடிப்படியை ஒரு தடவை பார்த்தார். யாரும் ஏறி வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

“அந்தப் பையன் நான்தான். நான் இங்க கத்துக்கிட்டாத்தானே, உங்களுக்கு அங்க சொல்லிக் குடுக்க முடியும்?”