லாட்டி வேண்டாங்க சார்

“படத்தை ஜிஃப்பாவே அனுப்பிரலாங்க சார்,” என்றாள் இனியா. மவுஸை அவள் விடவில்லை.

“ஜிஃப்ல ஓரமெல்லாம் பிசிறடிக்குது. லாட்டி ஃபார்மேட்னா சின்ன ஃபைல், எவ்வளவு பெருசாக்கினாலும் தெளிவா இருக்கும்,” என்றார் ஜெரோம். சிங்காநல்லூரில் அந்த அனிமேஷன் கம்பெனியின் முதலாளி அவர்தான்.

ஆனைமலை மாட்டுத்தீவனக் கடை ஒன்றின் வெப்சைட்டுக்காக, எருமை வாலை ஆட்டிக்கொண்டு அசைபோடும் படம். வரைந்தது இனியா.

“பழைய போன்ல லாட்டி ஓடாதுங்க சார்.”

“அதெல்லாம் ஓடும்.”

“அரைமணி நேரம் குடுங்க சார், கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துடறேன்.”

“எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஏம்மா இப்படி நடுங்கறே? வேலையா போயிரப் போவுது?” என்று சிரித்தபடி அவரே லாட்டியில் எடுத்து அனுப்பிவிட்டார்.

இனியா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கடைக்காரர் மாரப்பன். ஜெரோம் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க, இங்க படம் ஓடலீங்க. ஃபைலைத் தொறந்தா எழுத்தாத்தான் வருதுங்க.”

“பயப்படாதீங்க. லாட்டின்னா அப்படித்தானுங்க. படத்துல ஒவ்வொரு பாகத்துக்கும் வரையறவங்க வெச்ச பேரு உள்ள இருக்குமுங்க.”

“அதானுங்களா! ‘ஜெரோம் கொம்பு’, ‘ஜெரோம் வாலு’, ‘ஜெரோம் அசைபோடற வாய்’...” மாரப்பன் நிதானமாகப் படித்துக்கொண்டே போனார். “எங்க எருமைக்கு உங்க பேரையே வெச்சுப்போட்டீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு!”

இனியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.