கடைசிச் சொட்டு

என் புருஷன் வான் ஜலீலுக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். கடைசிச் சொட்டும் இறங்கினால்தான் தொழலாம் என்று கழிவறையில் கனைத்துக்கொண்டே நிற்பார். அதற்குள் பள்ளிவாசலில் தொழுகை முடிந்துவிடும். டாக்டர் பின்பக்கம் விரல் விட்டுப் பார்ப்பார் என்று பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, மகாவீரர்.

"எனக்கு ஒண்ணுமில்ல. காப்பி போடு" என்பார். ஆண்மைக்குத் தொங்காட் அலி வேர் கலந்த காப்பி. அறுபத்தெட்டு வயதில் இரண்டாம் கல்யாண ஆசை வேறு! போன வாரம் மூத்திரம் அடைத்துச் செத்தார்.

ஏழாம் நாள் விருந்துக்கு வீடு நிறைய ஆட்கள். கழிவறை உள்ளே தாழிட்டிருந்தது. கனைப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சொட்டு. மறுபடியும் கனைப்பு. மருமகன் சோற்றுத் தட்டோடு உறைந்து நின்றான்.

நான் கதவைத் தட்டி, புருஷனை எப்போதும் கூப்பிடுவது போலவே கூப்பிட்டேன். "அபாங், ஒரு தடவ டாக்டர்கிட்ட போயிருந்தா இந்தக் கேடு உண்டா?"

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றது குரல். "காப்பி போடு."