அவசர சம்மதம்

"அப்பா, அவ உங்ககிட்ட ஒண்ணு கேட்கணுமாம்."

"என்னடா?"

"அதை அவதான் கேட்கணும். என்னைக் கிளறாதீங்க, எனக்கு வெட்கமா இருக்கு."

காலையில் சாப்பாட்டு மேஜையில் இப்படிச் சொல்லிவிட்டு, தட்டைக்கூடக் கழுவாமல் மகன் ஓடியதை நினைத்து நினைத்துப் பேராசிரியர் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக் கூடத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிற டாக்டர் அவன். அவனுக்கு வெட்கமாம்!

'அவ' யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. அதே மருத்துவக் கல்லூரியில், இவருடைய துறையிலேயே வேலை பார்க்கும் குழந்தை மருத்துவர். அடுத்த மாதம் அவளும் மகனும் ஒரே குழுவில், குழந்தைகளின் காய்ச்சலைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கடல் கடந்து போகிறார்கள். திரும்பி வர இரண்டு வருஷமாகும்.

அதற்குள் அவளை மருமகளாக்கிவிட வேண்டும் என்று பேராசிரியர் வேண்டாத தெய்வம் இல்லை. மனைவி காலமான பிறகு பேச்சு அடங்கிப்போன வீடு அது. இந்தப் பெண் வந்தால்தான் நாலு வார்த்தை காதில் விழும். இல்லாவிட்டால் அவரும் ஃபிரிட்ஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாலையில் அவள் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டிருந்தாள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வெளியிலிருந்து மட்டும் உள்ளே பார்க்க முடிகிற ஒரு கண்ணாடிச் சுவர். வெளிநாடு போகும் டாக்டர்கள், "உங்க குழந்தையை ஆராய்ச்சியில சேர்த்துக்கட்டுமா?" என்று பெற்றோரிடம் கேட்டுப் பழகுவது அங்கேதான். முழுதாக விளக்காமல் வாங்கிய சம்மதம் செல்லாது என்று ஓதி ஓதியே பேராசிரியருக்கு 'சம்மதம் சார்' என்ற பட்டப்பெயர் விழுந்திருந்தது.

"கடைசி ரிகர்சல் சார். நான் விளக்குவேன். நீங்கதான் சம்மதம் சொல்ற அந்த ஊர்க்காரர்." ஸ்டெதஸ்கோப்பைப் பின்னல் மாதிரி முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

ரிகர்சலாம்! பேராசிரியர் தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு ஊர்க்காரரானார். "சொல்லுங்க டாக்டரம்மா. ஊசி கீசி உண்டா?"

"ஊசி இல்ல. ரத்தக்கொதிப்பு மட்டும் அப்பப்ப ஏறும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசு முழுக்க."

"நடுவுல வேண்டாம்னு விலகிக்கலாமா?"

"அந்த உரிமை மட்டும் இதுல கிடையாது சார்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் 'ணங்'கென்று எதுவோ மோதியது. மகன்தான். ஒளிந்து நிற்கக்கூடத் தெரியவில்லை கழுதைக்கு!

"வேற ஆபத்து?"

"ஒரே வீட்ல இருக்கணும். குறட்டை கொஞ்சம் உண்டு. காபியில சர்க்கரை கேட்கவே கூடாது."

"அதை நான் எப்பவோ விட்டாச்சே!" என்றார் பெருமையாக. மகன் வருஷக்கணக்கில் கத்தியும் விடாத சர்க்கரை. இவளுடைய அம்மா ஒரே ஒரு தடவை புருவத்தைத் தூக்கியதில் விட்டது. ஒண்டியாக இருந்து மகளை டாக்டராக்கியவர். நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம். இதே அறையில் இவரோடு சேர்ந்து வகுப்பெடுப்பவர்.

அவர் நினைவு வந்ததும் பேராசிரியர் ஊர்க்காரர் வேஷத்தை மறந்தார். "ஆமா, மேடம் என்ன சொன்னாங்க?"

"அம்மாகிட்ட நேத்தே சம்மதம் வாங்கிட்டேன் சார். முதல்ல, 'போடி பைத்தியம்'னாங்க. அப்புறம் எழுந்து போய் அடுப்பே பத்த வைக்காம பால் காய்ச்சினாங்க."

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் விழ, பேராசிரியர் துள்ளி எழுந்தார். "சம்மதம்! நூறு தடவை சம்மதம்! இந்தாம்மா, வீட்டுச் சாவி. இப்பவே வாங்கிக்கோ!"

"சார், சார்! நான் இன்னும் கேட்கவே இல்ல. விளக்கம் முடியாம சொன்ன சம்மதம் செல்லாது."

"எனக்கேவா?"

"உங்களுக்கேதான். சரி, என்ன புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க. இதுவும் உங்க ரூல்தான்."

"இதுல புரிய என்னம்மா இருக்கு? நீ என் பையனைக் கட்டிக்கப் போறே. பிளேன் ஏறுறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடுவோம்!"

"ஐயய்யோ!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அலறல் கேட்டது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அவரை உட்காரவைத்து, தானும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ரொம்ப நாளா தொண்டை வரைக்கும் வந்து வந்து முழுங்கிட்டேன் சார். இன்னிக்குக் கேட்டுடறேன்."

"கேளும்மா."

"எங்கம்மாவைக் கட்டிக்கிறீங்களா, சார்?"