ஒன்பதாவது ஸ்டிக்கர்

ரேணிகுண்டா தொழிற்சாலையின் தகரக் கூரையில் பத்து மணி வெயில் கொதிக்கிறது. மூன்றாம் நம்பர் பிரஸ் மிஷினை இயக்கும் பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் எட்டு மஞ்சள் ஸ்டிக்கர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘தற்காலிக விலக்கு, தொண்ணூறு நாள்.’ இவ்வளவு பழைய கம்ப்யூட்டரை எந்த மிஷினிலும் வைக்கக் கூடாது என்பது கம்பெனியே எழுதிய விதி. விலக்கு எட்டு முறை வந்துவிட்டது. புது கம்ப்யூட்டர்தான் வரவில்லை. இது அடிக்கடி ஹேங் ஆகும். அப்போது நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் மிஷின் ஒரு கணம் கழித்தே நிற்கும். போன வாரம் அந்த ஒரு கணத்தில்தான் இந்த மிஷினை ஓட்டிய சபீனாவின் விரல் போனது. ஐ.டி. பிரிவு ஹரிபாபு ஒன்பதாவது ஸ்டிக்கரை ஒட்டி, சாமி படத்துக்குப் பொட்டு வைப்பவர்போல ஓரங்களைக் கட்டைவிரலால் நீவுகிறார். பிறகு விலக்குப் படிவத்தை நீட்டுகிறார். மிஷின் ஓட்டும் கோதையும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் பேனாவை வாங்கவில்லை. ‘ஆபத்தை ஏற்பவர்’ என்ற கட்டத்தில் தலைமை அலுவலக மேலாளரின் கையெழுத்து வால் நீட்டிக் கிடக்கிறது.

“இவரு இந்த மிஷின ஒரு தபாவாவது பாத்துகீறாரா சார்?”

“லேதும்மா. அவரு இங்க வந்ததே இல்ல. ஃபார்ம்ல அப்படித்தான் போடணும்.”

கோதை திரும்பி, பக்கத்து மேசையில் ஒற்றைக் கையால் பெட்டி மூடிக்கொண்டிருக்கும் சபீனாவின் கட்டுப்போட்ட வலது கையை மெல்லப் பிடித்து, படிவத்தின்மேல் வைக்கிறாள்.

“ஆபத்த ஏத்துக்கினது இவ. இந்தக் கையால கையெழுத்து வாங்கிக்க சார்.”