மாடியின் முதல் குரல்

டார்சீசியோ இன்னொரு அதிமதுரத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இடைவேளை முடிவதற்குள் எத்தனை துண்டு. அரங்கின் மேல்மாடியில் பக்கத்தில் இருந்த அவர் மனைவி டெல்ஃபினா பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். மனிதர் வாய் மணக்கவேண்டும் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. இப்போது யாருக்காக?

யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். இன்றைய ஓபரா இசைநாடகத்தை மேடையேற்றியிருக்கிறாளே இயக்குநர் ஜினேவ்ரா, அவளுக்காக. இளவயசு, கொக்குக் கழுத்து. அவள் ஒத்திகைக்காக இந்தப் பார்மா ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து இவர் தினமும் சவரம் செய்கிறார்.

சதுக்கத்துக் காப்பிக் கடையில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசியதை டெல்ஃபினாவே கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கேட்டதற்கு, பழைய ஓபராவைப் பற்றி அந்தப் பொண்ணு ஏதோ சந்தேகம் கேட்டது என்றார். பொண்ணாம்.

கீழே வெல்வெட் நாற்காலிக்காரர்கள் என்ன தட்டினாலும் சரி, பார்மாவில் தீர்ப்பு சொல்வது மலிவு டிக்கெட்டுக்காரர்களின் மேல்மாடிதான். பிடித்தால் கைதட்டு, பிடிக்காவிட்டால் ஊளை. அந்த மாடியோ டார்சீசியோவின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் தொடங்காமல் அங்கே ஒருவர் இருமமாட்டார்.

இன்று மாடி இரண்டுபட்டுக் கிடந்தது. தலை வெட்டப்படக் காத்திருக்கும் ராணியை ஜினேவ்ரா ஒரு பல்பொருள் அங்காடியின் கல்லாவில் உட்காரவைத்திருந்தாள். தலைக்குமேல் வரிசையாகப் பன்றித்தொடைகள் தொங்கின. ராணியைப் பொறுத்துக்கொண்டவர்களால்கூட அந்தத் தொடைகளைப் பொறுக்கமுடியவில்லை. பன்றித்தொடைக்கு உலகமெல்லாம் பேர்போன பார்மா ஊரில், பார்மாக்காரர்கள் கண்ணெதிரில், பிளாஸ்டிக் தொடை.

பள்ளிக்கூடத்து ஒர்னெல்லா டீச்சர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கிரீடம் வைத்த ராணியை எத்தனை காலம் பார்ப்பது, இவளைப் பார்த்துத்தான் தனக்கு அழுகை வந்தது என்றார்.

"நீங்க அழுதது பாட்டுக்கு டீச்சர்," என்றான் பின்வரிசையில் இருந்த, முடிதிருத்துகிற குவெரீனோ. "கண்ணை மூடிட்டுக் கேட்டிருப்பீங்க."

பிறகு அவனே அலுத்துக்கொண்டான். போன வருஷம் இயக்குநர் ஒருத்தன் மகாராஜாவைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்தான். மாடி போட்ட ஊளையில் பேப்பர் பூரா அவன் படம். இப்போது பெர்லினில் கூப்பிடுகிறார்கள், வியன்னாவில் கூப்பிடுகிறார்கள். உலகம் கெட்டுப்போச்சு என்றான்.

டெல்ஃபினாவுக்கு உலகம் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. புருஷன் காதருகே குனிந்தாள்.

"கடைசில அவ மேடைக்குக் கும்பிட வரும்போது நீ என்ன பண்ணப்போற?"

"திரை விழட்டும், பாப்போம்."

"அவளுக்குக் கை தட்டுனேன்னு வையி, வீட்டுப் பக்கம் வராத. நேரா உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடு."

அவர் அதிமதுரத்தைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

பிற்பாதியில் மேடையில் என்ன நடந்தது என்று டெல்ஃபினாவைக் கேட்டால் தெரியாது. அவள் புருஷனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்மேல் அவை சும்மா கிடந்தன. ராணி பாடினாள், செத்தாள், திரை விழுந்தது.

பாடியவர்கள் வந்தபோது மாடி ஆர்ப்பரித்தது. வாத்தியக் குழுவை நடத்தியவருக்கும் குறைவில்லை. கடைசியில் கறுப்புச் சட்டையில் தனியாக ஜினேவ்ரா வந்து நின்றாள். இயக்குநர் மேடைக்கு வருவது முதல் நாள் மட்டும்தான். தட்டுவதோ ஊளையிடுவதோ இப்போது விட்டால் பிறகு கிடையாது.

கீழே மரியாதைக்குத் தட்டினார்கள், மழை விட்டபிறகு கூரை சொட்டுகிற மாதிரி. ஜினேவ்ராவின் முகம் வெளிறிப்போயிற்று. அவள் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். மாடியை என்ன மாடியை, நேராக டார்சீசியோவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

டார்சீசியோவின் கைகள் முழங்காலை விட்டு எழுந்தன. போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டார்சீசியோ எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை விட்டார். அரங்கின் பெரிய சரவிளக்கே ஆடியிருக்கும். அடுத்த நொடி குவெரீனோ, அவனுக்குப் பின்னால் மாடி முழுக்க. ஒர்னெல்லா டீச்சர் எழுந்து நின்று எதிர்த்துக் கைதட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

டெல்ஃபினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பற்றிக்கொண்டாள். மனசில் இருந்த அத்தனையும் கரைந்துபோய், அந்தப் பெண்மேல் இரக்கம்கூட வந்துவிட்டது.

"போதும், விடு. பாவம், சின்னப் பொண்ணு. அழுதுடப்போறா."

ஜினேவ்ரா அழவில்லை. நெஞ்சில் கை வைத்து, மாடியைப் பார்த்துத் தரைவரைக்கும் குனிந்தாள். நிமிர்ந்தபோது, கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு முகம் வாய்த்திருக்காது. விரல்நுனியில் ஒரு முத்தம் வைத்து மேலே வீசினாள்.

"இத்தனை பேரு கத்துறாங்க, இவ எதுக்குச் சிரிக்கிறா?" என்றாள் டெல்ஃபினா.

டார்சீசியோ மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அவ என்கிட்ட ஆசையாக் கேட்டதே இது ஒண்ணுதான்."